கூடுதலாக ஒரு நிறமூர்த்தம்: சுண்டெலி மூளையில் நடப்பதும் கிரீன் டீ கதையும்

கிரீன் டீ குடிக்கக் கொடுத்தால் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு மூளை வளர்ச்சி கூடுமாமே, உண்மையா? இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற யாரிடமும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்து சேரும். கேட்பது பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் அம்மாச்சி. தேயிலைக்கு நடுவில் வாழ்கிறவர்கள் காதில் இப்படி ஒரு செய்தி விழுந்தால் ஆசை வராமல் இருக்குமா, மருந்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலேயே முளைத்துக் கிடக்கிற மாதிரி ஆகிவிடுகிறதே. சரி, இதற்கு ஒரு வரியில் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தச் செய்தி கிளம்பியது ஓர் உண்மையான ஆய்வுகூடத்திலிருந்துதான். அதை விளங்கிக்கொள்ள ஒரு சுண்டெலிக் குட்டி தாயின் வயிற்றுக்குள் கழிக்கிற சில நாட்களைப் பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கூடுதல் நிறமூர்த்தம் (கலத்துக்குள் ஜீன்களைச் சுமக்கிற இழை, அதாவது குரோமோசோம்) மூளையைப் பாதிப்பது அளவாலும் நேரத்தாலும், அந்த நேரத்தில் பெரும்பகுதி குட்டி பிறப்பதற்கு முன்பே ஓடிவிடுகிறது.

முதலில் எண்ணிக்கை. மனிதக் கலம் ஒவ்வொன்றிலும் 46 நிறமூர்த்தங்கள், அதாவது 23 சோடி. இதைச் சரியாக எண்ணி முடித்ததே 1956இல்தான். மூன்று வருஷம் கழித்து, 1959இல், பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே, ரேமோன் துர்பான் மூவரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் கலங்களில் 47 இருப்பதை வெளியிட்டார்கள். 21ஆவது சோடியில் இரண்டுக்குப் பதில் மூன்று. கோத்தியேயின் பங்கு பல பத்தாண்டுகளுக்கு மூடி மறைக்கப்பட்டது தனிக் கதை, அது இப்போது வேண்டாம்.

இந்த மூன்றாவது பிரதி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம தோட்டங்களில் இன்றைக்கும் இதற்குத் தாய்தான் பேச்சு வாங்குகிறாள். கிரகணத்தில் வெளியே வந்தாள், கர்ப்பத்தோடு கொழுந்து எடுக்கப் போனாள், கண்டதைத் தின்றாள் என்று. ஒரு பெண்ணின் முட்டைக் கலங்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஒடுக்கற்பிரிவை, அதாவது நிறமூர்த்தச் சோடிகள் பிரிந்து பாதியாகும் பிரிவை, தொடங்கி, பாதியில் நின்று, பல வருஷம் அப்படியே காத்திருக்கின்றன. பிறகு ஒரு மாதம் அதில் ஒன்று பிரிவை முடிக்கும்போது 21ஆவது சோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால் அந்த முட்டையில் ஒன்று கூடிவிடும். காத்திருந்த காலம் கூடக் கூடப் பிசகும் கூடுகிறது. 40 வயதில் கருத்தரிக்கும் தாய்க்கு ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வாய்ப்பு, இருபதுகளில் அது ஆயிரத்தில் ஒன்றையும் விடக் குறைவு. ஆனாலும் இளம் தாய்மாரே கூடுதலாகப் பிள்ளை பெறுவதால் இந்தப் பிள்ளைகளில் பலர் இளம் தாய்மாருக்குப் பிறந்தவர்கள்தான். இதில் எங்கேயும் கிரகணத்துக்கும் கொழுந்துக் கூடைக்கும் வேலையே இல்லை.

அப்புறம், ஏன் சுண்டெலி? மனிதக் கருவில் மூளை உருவாகும் வாரங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்று நாளுக்கு நாள் திறந்து பார்க்க முடியாது. சுண்டெலி பத்தொன்பது இருபது நாளில் குட்டி போட்டுவிடும். அதன் மூளை கட்டப்படும் முறையும் நம்முடையதோடு பெரிய அளவில் ஒத்துப்போகிறது. ஆய்வுகூட எலி என்றதும் ஏதோ விசேஷப் பிராணி என்று நினைத்துவிட வேண்டாம், லயத்துக் கூரைக்குள் ஓடி அரிசி மூட்டையைக் கடிக்கிறதே, அதே இனத்திலிருந்து வளர்த்தெடுத்ததுதான். அதற்கு 40 நிறமூர்த்தங்கள், 20 சோடி.

சிக்கல் என்னவென்றால் நம்ம 21ஆவது நிறமூர்த்தத்துக்கு நேரான ஒன்று சுண்டெலியிடம் கிடையாது. மனிதனும் சுண்டெலியும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டு ஆகிவிட்டது, அதற்குள் நிறமூர்த்தங்கள் உடைந்து, இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. நம்ம 21இல் உள்ள இருநூறுக்கு மேற்பட்ட ஜீன்களில் பெரும்பகுதி சுண்டெலியின் 16ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு நீளத் துண்டாக இருக்கிறது. மிச்சம் 17இலும் 10இலும் சிதறிக் கிடக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி விளங்கிவிடும்.

எலியில் நிறமூர்த்த எண்ணிக்கையை வேண்டுமென்றே மாற்ற வழி காட்டியது, விசித்திரமாக, நம்மைப் போல ஒரு மலைப் பிரதேசம். சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் புகையிலைச் சுண்டெலி என்று ஒரு வகை உண்டு. சாதாரணச் சுண்டெலியின் நிறமூர்த்தங்கள் ஒற்றைக் கை உள்ளவை, இழையின் கட்டு ஒரு முனையில் இருப்பதால் ஒரு பக்கம் மட்டுமே நீளும். இந்தப் பள்ளத்தாக்கு எலியில் அவை பல இடங்களில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டதால் மொத்தம் 26தான். ஜெர்மானிய ஆய்வாளர் ஆல்பிரட் குரொப் இந்த ஒட்டிய நிறமூர்த்தங்களைக் கலப்பு வழியாகச் சாதாரண எலிக்குள் கொண்டுவந்தார். ஒரே கையைப் பகிரும் இரண்டு ஒட்டு நிறமூர்த்தங்கள் ஓர் ஆணிடம் சேர்ந்தால் விந்து உண்டாகும்போது பங்கு பிரிப்பது குழம்பும், குறிப்பிட்ட ஒரு நிறமூர்த்தம் கூடியோ குறைந்தோ போகும். 1970களில் இந்த உத்தியால் சுண்டெலியின் நிறமூர்த்தங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்க முடிந்தது.

பார்த்ததில் முதலில் தெரிந்தது, ஒன்று குறைவதைக் கரு தாங்காது என்பது. கருப்பைச் சுவரில் ஒட்டும் காலத்தை ஒட்டியே அது முடிந்துவிடும். பால் நிறமூர்த்தம் விதிவிலக்கு: ஒரே ஓர் எக்ஸ் மட்டும் உள்ள பெண் எலி பிறந்து, வளர்ந்து, குட்டியும் போடும், ஆனால் மனிதரில் அதே நிலை உள்ள கருக்கள் பெரும்பாலானவை கலைந்துவிடுகின்றன. ஒன்று கூடினால் கொஞ்ச நாள் தள்ளிப் போகும். 16 கூடியவை பிறப்புக்குக் கிட்ட வரை வந்து, வீங்கிய உடலோடும் பழுதான இதயத்தோடும் இறக்கும். 19 கூடியவற்றில் சில பிறந்து சிறிது காலம் வாழும். மூளையைப் பொறுத்தமட்டில் அதிர வைத்தது 12ஆவது நிறமூர்த்தம். அது கூடினால் மண்டை மூடாமல் மூளை வெளியே தள்ளி நிற்கும் குட்டிகள் உருவாயின.

ஏன் மண்டை மூடவில்லை என்பதற்கு நாட்கணக்கைப் பார்க்க வேண்டும். சுண்டெலிக் கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டையான கல விரிப்பு இருக்கிறது. எட்டாவது நாளிலிருந்து பத்தாவது நாளுக்குள் அது இரண்டு ஓரமும் எழும்பி, மடிந்து, நடுவில் ஒட்டிக் குழாயாகிறது. குழாயின் முன்பாகம் மூளை, பின்பாகம் முண்ணாண். 12 கூடிய கருவில் தலைப்பக்கத்து மடிப்புகள் எழும்பிச் சேர வேண்டிய நேரத்தில் சேர்வதில்லை. அந்த இரண்டு மூன்று நாள் போனால் போனதுதான். மனிதரில் இதே கட்டம் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாத காலத்தில் முடிந்துவிடுகிறது. கிளினிக்கில் போலிக் அமிலக் குளிசையைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போடச் சொல்வது இதனால்தான். ஆனால் குளிசை தடுப்பது குழாய் மூடாமல் போகும் குறையை. கூடுதல் நிறமூர்த்தத்தை அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குழாய் மூடிய பிறகுதான் உண்மையான வேலை. குழாயின் உட்சுவரில் இருக்கிற மூலக் கலங்கள் முதலில் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிக் கையிருப்பைச் சேர்க்கின்றன. ஏறத்தாழ பதினோராம் நாளிலிருந்து, பிரிந்த இரண்டில் ஒன்று மூலக் கலமாகவே நிற்க மற்றது நரம்புக் கலமாக மாறி வெளிப்பக்கம் நகரத் தொடங்கும். பதினேழாம் நாளோடு மூளைய மேற்பட்டைக்கான (மூளையின் வெளி அடுக்குக்கான) நரம்புக் கலங்களின் உற்பத்தி ஏறத்தாழ முடிந்துவிடும். இந்த ஆறு நாளில் மூலக் கலங்கள் பதினொரு சுற்றுப் பிரிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆரம்பச் சுற்று எட்டு மணி நேரம், கடைசிச் சுற்று பதினெட்டு மணி நேரம். எந்தச் சுற்றில் பிறந்த கலம் எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்பதும் இதில் அடங்கும்: முதலில் பிறந்தது அடியில், பிறகு பிறந்தது அதைத் தாண்டி மேலே.

இப்போது யோசியுங்கள். ஒரு சுற்றுக்கு ஓரிரு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தால் என்ன ஆகும்? ஆறு நாள் என்பது நீளாது. பெருகும் கட்டத்தில் ஒரு சுற்றுத் தவறினால் கையிருப்பே பாதியாகிவிடும். தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தைப் புளிக்கப் போட்டுவிட்டு டீமேக்கர் மணியைப் பார்த்துக்கொண்டே நிற்பார் இல்லையா, அந்த நேரத்தைத் தவற விட்ட தூளை அப்புறம் எவ்வளவு பக்குவமாகக் காய்ச்சினாலும் சாயம் திரும்ப வராது. இதுவும் அப்படித்தான்.

அப்படி ஒரு தாமதம் உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க, பிறந்து வளரக்கூடிய எலி வேண்டும். 16 முழுசாகக் கூடியவை பிறக்கும் முன்னமே இறந்துவிடுகின்றனவே. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுகூடத்தில் மூரியல் டேவிசன் ஆண் எலிகளின் விதைகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து, நிறமூர்த்தம் உடைந்து தப்பாக ஒட்டிய வாரிசுகளைத் தேடினார். கிடைத்ததுதான் டீஎஸ்65டீஎன் என்ற வகை: 16இன் கடைப்பகுதி, 17இன் சிறு துண்டு ஒன்றோடு ஒட்டி, தனியாக ஒரு குட்டி நிறமூர்த்தமாக நிற்கிறது. 1990இல் அறிமுகமான இந்த எலிதான் அடுத்த முப்பது வருஷ டவுன் சிண்ட்ரோம் ஆய்வின் பெரும்பகுதியைச் சுமந்தது.

இந்த எலிக் கருவின் மேற்பட்டையில் மூலக் கலங்கள் சுற்றை முடிக்கக் கூடுதல் நேரம் எடுப்பதையும், அதே நாளில் ஒரு சாதாரணக் குட்டிக்கு இருக்கிற நரம்புக் கலங்களை விட இதற்குக் குறைவாக இருப்பதையும் 2007இல் காட்டினார்கள். கடைசி நாட்களில் இன்னொரு வகை மூலக் கலங்கள் கூடுதலாக வேலை செய்து தடிப்பை ஓரளவு ஈடு செய்கின்றன. ஆனால் ஈடு செய்தது எண்ணிக்கையில்தான். பிந்தி வந்த கலம் பிந்திய இடத்தில் பிந்திய இணைப்புகளையே போடும், பிறந்த குட்டியின் மேற்பட்டையில் நரம்பிணைப்புகள் குறைவு.

2010இல் வந்த அடுத்த ஆய்வு எனக்கு இதையும் விடச் சுவாரசியமானது. மூளையில் தூண்டும் நரம்புக் கலங்கள் ஒரு இடத்திலும், அடக்கும் நரம்புக் கலங்கள் அதற்குக் கீழே வேறோர் இடத்திலும் பிறந்து, பிறகு மேற்பட்டையில் வந்து கலக்கின்றன. டீஎஸ்65டீஎன் கருவில் கீழ்ப்பக்கத்து உற்பத்தி அளவுக்கு மிஞ்சியிருந்தது, அடக்கும் கலங்கள் கூடிப்போயின. அதாவது ஒரே கூடுதல் துண்டு ஓரிடத்தில் உற்பத்தியைக் குறைத்து இன்னோரிடத்தில் கூட்டுகிறது. இதற்குக் காரணமான இரண்டு ஜீன்களையும் பிடித்தார்கள்: ஒலிக்1, ஒலிக்2. இரண்டும் நம்ம 21இலும் இருப்பவை. மற்ற ஜீன்கள் எல்லாம் மூன்றாகவே இருக்க, இந்த இரண்டை மட்டும் இரண்டு பிரதிக்குக் குறைத்த எலிகளில் அடக்கும் கலங்களின் எண்ணிக்கை வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று தேடுகிற பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது விளங்கக் கஷ்டம், இங்கே கெட்ட ஜீன் என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் நல்ல ஜீன்தான், ஒன்றரை மடங்கு வேலை செய்கின்றன, அவ்வளவுதான்.

மூளிக்கும், அதாவது சிறுமூளைக்கும், இதே கதை வேறு நாட்களில். மூளியின் சிறுமணிக் கலங்கள் எலியில் பெரும்பாலும் பிறந்த பிறகான இரண்டு வாரத்தில் பெருகுகின்றன. பெருகச் சொல்லி வரும் சைகைப் புரதத்தின் பெயர் சொனிக் ஹெட்ஜ்ஹாக் (ஒரு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள்). ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொஜர் ரீவ்ஸ் குழு, கூடுதல் துண்டு உள்ள கலங்கள் இந்தச் சைகைக்குக் குறைவாகவே செவி சாய்க்கின்றன என்று கண்டது. எலி மூளியில் சிறுமணிக் கலங்கள் குறைந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மனித மூளைகளை எடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் குறைவு. எலியைப் பார்த்து மனிதரில் தேடிக் கண்டுபிடித்தது என்பதால் இது ஒரு பெரிய வெற்றி.

இனி டிர்க்1ஏ. கிரீன் டீ கதை இதிலிருந்துதான் கிளம்பியது. இதுவும் நம்ம 21இல் உள்ள ஒரு ஜீன், ஒரு நொதியத்தை உண்டாக்குகிறது, மூலக் கலம் தொடர்ந்து பிரிவதா, நின்று நரம்புக் கலமாவதா என்று தீர்மானிக்கும் இடத்தில் இதற்குக் கை இருக்கிறது. பழ ஈயில் இதற்கு நேரான ஜீன் பழுதானால் மூளை சிறுத்துவிடும். எலியில் இரண்டு பிரதியும் இல்லையென்றால் கரு நடுவிலேயே இறந்துவிடும், ஒன்று மட்டும் இருந்தால் மூளை சிறிது. மனிதரிலும் ஒரு பிரதி கெட்டால் தலை சிறுத்த, பேச்சுப் பிந்திய பிள்ளைகள். சரி, குறைந்தால் கெடுதல் என்றால் கூடினால் நல்லதா? அதுவும் இல்லை. இதை மட்டும் கூட்டிய எலிகள் கற்பதிலும் அசைவிலும் பின்தங்குகின்றன. இருபுறமும் கூர்மையான அளவு.

இந்த இடத்தில் ஆய்வாளர்களுக்குள் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒரு சாரார் டிர்க்1ஏ, ஒலிக் மாதிரிக் குறிப்பிட்ட சில ஜீன்கள்தான் காரணம் என்பார்கள். மறுசாரார் எந்த நிறமூர்த்தம் கூடினாலும் கலத்துக்குப் பொதுவான ஒரு சுமை வருகிறது என்பார்கள். 2008இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலிகா ஆமொன் குழு 1, 13, 16, 19 என்று வெவ்வேறு நிறமூர்த்தம் கூடிய எலிக் கலங்களை வளர்த்துப் பார்த்தது. எல்லாமே மெதுவாகத்தான் பெருகின. தேவையில்லாத புரதங்கள் குவிந்து அவற்றைக் கட்டுப்படுத்துவதிலேயே கலத்தின் சக்தி போகிறது. என் பார்வையில் இந்த வழக்கில் இரு பக்கமும் வெல்லும். மெதுவாகப் பிரிவது என்பதே, ஆறு நாளில் முடிய வேண்டிய மூளைக்கு, போதிய கெடுதல். எங்கே குறையும், எங்கே கூடும் என்ற வடிவத்தைக் கொடுப்பது குறிப்பிட்ட ஜீன்கள்.

எல்லாக் கலத்திலும் இல்லாமல் சில கலங்களில் மட்டும் எண்ணிக்கை பிசகினால் என்ன? கேம்பிரிட்ஜில் மக்தலேனா செர்னிக்கா-கோட்ஸ் இதை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது, அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: அவர் கர்ப்பமாக இருந்தபோது நச்சுக்கொடிப் பரிசோதனையில் கணிசமான கலங்களில் நிறமூர்த்தம் பிசகியிருப்பதாக வந்தது, பிள்ளையோ சுகமாகப் பிறந்தது. 2016இல் அவரது குழு நல்ல கலங்களையும் பிசகிய கலங்களையும் கலந்து எலி முளையங்களை உருவாக்கியது. குட்டியாகப் போகும் பகுதியில் பிசகிய கலங்கள் தாமாகவே மடிந்து, நல்லவை அந்த இடத்தை நிரப்பின. நச்சுக்கொடியாகும் பகுதியில் அவை மடியவில்லை, மெதுவாகப் பெருகின. பாதிக்குப் பாதி நல்ல கலம் இருந்தாலே முளையம் தேறிவிட்டது.

ஆனால் இந்தத் துப்புரவு மூளை கட்டத் தொடங்கிய பிறகு நடந்தால் ஆபத்து. பாரிஸில் கியூரி நிலையத்தில் ரெனாட்டா பாஸ்டோ குழு, எலிக் கருவின் மூளை மூலக் கலங்கள் பிரியும்போது நிறமூர்த்தங்கள் தப்பாகப் பங்காகும்படி செய்தது. பிசகிய கலங்கள் மடிந்தன, ஆனால் அந்த இடத்தை நிரப்ப நேரமில்லை. குட்டிகளுக்கு மூளை சிறுத்துவிட்டது. முதல் நாட்களில் காப்பாற்றிய அதே வேலை, ஒரு வாரம் பிந்தினால் மூளையைச் சிறுக்க வைக்கிறது.

சுகமான மூளையிலேயே எவ்வளவு பிசகு இருக்கிறது என்பதிலும் ஒரு சண்டை நடந்தது. 2001இல் எலிக் கருவின் மூளை மூலக் கலங்களில் மூன்றில் ஒரு பங்கு எண்ணிக்கை பிசகியவை என்று ஓர் ஆய்வு சொல்ல, மூளையே ஒரு கலவைதான் என்றெல்லாம் எழுதினார்கள். 2014இல் ஒவ்வொரு கலமாக மரபணு வரிசை படித்துப் பார்த்தபோது ஐந்து வீதம்கூடத் தேறவில்லை. எண்ணும் முறை மாறியதும் எண்ணும் மாறிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு எலியைப் பற்றிக் குறையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டீஎஸ்65டீஎன் எலியின் கூடுதல் துண்டில் 17இலிருந்து வந்த பகுதி இருக்கிறதே, அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஜீன்களுக்கு நம்ம 21ஓடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. பல வருஷம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, இந்த வகை ஆண்கள் பெரும்பாலும் மலடு, ஆகவே குட்டிகள் எல்லாம் கூடுதல் துண்டு உள்ள தாயின் கருப்பையிலேயே வளர்கின்றன. மனிதரில் தாய்க்குப் பெரும்பாலும் 46தான். அப்படியென்றால் குட்டியின் மூளையில் பார்க்கிற தாமதத்தில் எவ்வளவு குட்டியுடையது, எவ்வளவு தாயுடையது? 2007இல் யூஜின் யூ குழு 16இல் நம்ம 21க்கு நேரான பகுதியை மட்டும் சுத்தமாக இரட்டிப்பாக்கிய எலியை உருவாக்கியது. 2018இல் வந்த ஒப்பீட்டில் அந்த எலிக் கருவின் முன்மூளையில் டீஎஸ்65டீஎன்னில் பார்த்த பிறப்புக்கு முந்திய குறைகள் தெரியவில்லை, வளர்ந்த பிறகு கற்றல் குறை மட்டும் இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. அதற்குப் பிறகுதான் 17இன் உபரித் துண்டை வெட்டியெடுத்த புதிய எலியும், ஜப்பானில் மனித 21ஆவது நிறமூர்த்தத்தின் நீளக் கையையே கலங்களில் சுமக்கும் எலியும் வந்தன. அந்த ஜப்பானிய எலி 2020இல் வெளியானது, மூளி சிறுத்தும் இதயம் பழுதாகியும் நம்ம பிள்ளைகளிடம் பார்க்கிற பலதையும் காட்டுகிறது.

இனி மருந்துக் கதை. எலியில் இது வரை டவுன் சிண்ட்ரோம் பலமுறை "குணமாகிவிட்டது". மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளுஒக்செட்டினை இத்தாலியில் கர்ப்ப எலிக்குக் கொடுத்து 2014இல் குட்டிகளின் மூளையில் நரம்புக் கல உற்பத்தியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2013இல் ரீவ்ஸ் குழு பிறந்த அன்றே ஒரே ஓர் ஊசியில் ஹெட்ஜ்ஹாக் சைகையைத் தூண்ட, மூளி முழு அளவுக்கு வளர்ந்ததோடு எலி நீர்த்தொட்டியில் வழி கண்டுபிடிக்கவும் கற்றது. ஆனால் அதே சைகை மிஞ்சினால் மூளியில் புற்றுநோய் வரும் என்பதால் மனிதக் குழந்தைக்கு அதைக் கொடுக்க யாரும் துணியவில்லை. அடக்கும் சைகையைக் குறைக்கும் மருந்துகள் 2007இலிருந்து எலியில் நன்றாக வேலை செய்தன. அந்த வழியில் ரோஷ் கம்பெனி டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் நடத்திய பரிசோதனை பலன் இல்லையென்று 2016இல் முடிந்தது. புளுஒக்செட்டினையும் ஹெட்ஜ்ஹாக் ஊசியையும் எலிக்குக் கொடுத்தது கருவிலோ பிறந்த அன்றோ என்றால், மனிதருக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது மூளை கட்டி முடிந்த பிறகு. நாட்கணக்கே ஒத்துப்போகவில்லை. எலிக்கு ஆறு நாளில் முடிகிற வேலை மனிதக் கருவில் மாதக்கணக்கில் நடக்கிறது என்பது வேறு.

சரி, கிரீன் டீக்கு வருவோம். பச்சைத் தேயிலையில் உள்ள ஈஜீசீஜீ என்ற சேர்மம் டிர்க்1ஏ நொதியத்தின் வேகத்தைக் குறைக்கிறது. சோதனைக் குழாயிலும் சில எலி வகைகளிலும் இது நிரூபணமானது. பார்சிலோனாவில் மாரா டியர்சென், ரஃபயேல் டி லா டோரே குழு 16 முதல் 34 வயது வரையான டவுன் சிண்ட்ரோம் உள்ள எண்பதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதையும் மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் ஒரு வருஷம் கொடுத்து, எல்லாருக்கும் கூடவே மூளைப் பயிற்சியும் கொடுத்து, 2016இல் முடிவை வெளியிட்டது. பல சோதனைகளில் சிலவற்றில் மட்டும் சிறு முன்னேற்றம். செய்தித்தாள்களும் யூடியூபும் பிடித்துக்கொண்டது இதைத்தான். அமெரிக்காவில் டீஎஸ்65டீஎன் எலிக்கு அதே சேர்மத்தைக் கொடுத்த வேறொரு குழுவுக்கு அறிவில் முன்னேற்றம் தெரியவில்லை, எலும்புக்குக் கெடுதல் செய்ததாகவே வந்தது. அதைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லை.

அந்தப் பரிசோதனையில் கொடுத்தது கோப்பையில் ஊற்றிய தேத்தண்ணி அல்ல. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 9 மில்லிகிராம் என்று அளந்து கொடுத்த சாறு. நம்ம வீட்டில் குடிக்கும் பிளேன் டீயில் அது மிகக் குறைவு, காரணம் நம்ம தொழிற்சாலைகளில் கொழுந்தைப் புளிக்க விடும்போதே ஈஜீசீஜீயில் பெரும்பகுதி காற்றோடு சேர்ந்து வேறு சேர்மங்களாக மாறிவிடுகிறது, கறுப்புத் தேயிலையின் சிவந்த நிறமே அந்த மாற்றத்தால்தான். கிரீன் டீக்கு அந்தப் படியே இல்லை, கொழுந்தை உடனே சூடாக்கி நிறுத்திவிடுகிறார்கள். அதற்காகக் கடையில் விற்கும் கிரீன் டீக் குளிசையை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல், நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜீசீஜீ எடுக்கும் பெரியவர்களுக்கே ஈரல் பாதிப்பின் அறிகுறி தெரிவதாக எச்சரித்தது. சிறு பிள்ளையின் எடைக்கு அந்தக் கணக்கை யார் போடுவது? எந்தத் தேயிலையும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது, இரத்தச்சோகை ஏற்கெனவே நம்ம தோட்டங்களில் பெரிய பிரச்சினை.

ஆகவே கேட்கிற அம்மாவுக்கு நான் சொல்வது கிரீன் டீயைப் பற்றி அல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும், வெளியே தெரியாது, எக்கோ பரிசோதனை (இதய ஸ்கேன்) ஒன்று பிறந்த சில வாரத்துக்குள் கட்டாயம் எடுக்க வேண்டும். தைராய்டு அளவை ஒவ்வொரு வருஷமும் பார்க்க வேண்டும், அது குறைந்தால் வளரும் மூளைக்கு நேரடிக் கெடுதல், இதற்கு மலிவான குளிசையும் இருக்கிறது. காதையும் கண்ணையும் சோதிக்க வேண்டும், காது சரியாகக் கேட்காத பிள்ளையை மந்தம் என்று ஒதுக்கி வைத்த வீடுகள் உண்டு. பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. நரம்புக் கலம் பிறப்பது கருவில் முடிந்தாலும் அவற்றுக்கு இடையே இணைப்புப் போடுவது பிறந்த பிறகும் பல வருஷம் நடக்கிறது, அதில் நாம் செய்ய நிறைய இருக்கிறது. தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பது தெரியும், அதனால் எக்கோவுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஒரே நாளில் திகதி கேட்டு வாங்கச் சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.